புள்ளியை எங்கே நிறுத்துவது?: கணினிவழிக் கற்றல் சூழலில் ஆசிரியரின் பங்கு

1. ஆய்வுப் பொருள்

பாடநூலின் கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு முதலில் வந்த தமிழ்நாட்டுப் புதிய நூல்களில் அங்கே ‘விரைவுக் குறியீடு (QR) மேலாண்மைக் குழு’ என்றொரு பட்டியல் உண்டு. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய, அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அச்சுப் பாடத்தைத் திரையோடு இணைப்பவர்கள் ஆசிரியர்களே என்றால், கணினித் திரையில் நடக்கும் கற்றலில் அவர்கள் வடிவமைப்பது எதை என்பதே இங்கு கேள்வி.

2. முன்வரலாறு

1984இல் நடுவண் அரசின் ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளில் இறக்கியது. பெட்டி முதலில், பாடம் பிறகு. 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும் கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. 2018 நூல்களில்தான் பாடமும் திரைச் செயல்பாடும் ஒரே அட்டைக்குள் வந்தன.

3. ஒரு தேற்றம், ஒரு புள்ளி

கணித நூலின் ‘இணையச் செயல்பாடு’ பகுதி ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளைச் சார்ந்தது. ஒரு வில் தாங்கும் மையக்கோணம் அதே வில் தாங்கும் பரிதிக்கோணத்தைப் போல் இருமடங்கு என்ற தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். மையக்கோணம் 100° என்றால் பரிதிக்கோணம் 50°. பரிதியில் உள்ள புள்ளியை இழுத்தால் கோணம் மாறுவதில்லை. ஆனால் அந்த வில்லின் நாணைத் தாண்டிச் சிறிய வில்லுக்குள் புள்ளி போனதும் 50° சட்டென்று 130° ஆகிவிடுகிறது. தேற்றம் பொய்த்ததா?

நிரல் எழுதுபவர் புள்ளியை அங்கே போகவிடாமல் பூட்டிவிடக்கூடும். திரையில் குழப்பம் இருக்காது. நல்ல ஆசிரியர் திறந்தே வைப்பார். மையத்தின் மறுபுறக் கோணம் 260°, அதில் பாதிதான் 130° என்று மாணவர் கண்டுபிடிப்பது அந்தத் தாவலில்தான். எங்கே தடுமாறவிடலாம் என்பது பல ஆண்டு விடைத்தாள் திருத்தியவருக்கே தெரியும். வடிவமைப்பு என்று நான் சொல்வது இதையே. வண்ணமும் பொத்தானும் அப்புறம்.

இந்நூல்களில் ஒரு குறையும் உண்டு. செயல்பாட்டின் முடிவில் திரை எப்படியிருக்கும் என்பதைப் படமாக முன்னதாகவே அச்சிட்டுவிடுகிறார்கள். விடையைப் பார்த்துவிட்டவர் புள்ளியை எதற்கு இழுக்கப்போகிறார்?

4. வகுப்பறையில் மறுவடிவமைப்பு

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள கல்வித்துறை வளாகத்தில் ஒப்புதலான செயல்பாடு, அதே நகரின் ஆழ்வார்பேட்டை வகுப்பறை ஒன்றில் ஒரே திரை முன்னால் நாற்பது பேருக்கு வரும்போது வேறு வடிவம் எடுக்கிறது. மவுஸ் யார் கையில்? முந்திக்கொள்ளும் மாணவரிடம் கொடுத்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். புள்ளியை நாணுக்கு முன்னால் நிறுத்தி, அடுத்து வரும் அளவை எல்லாரையும் நோட்டில் எழுதச் சொல்லலாம். பிறகு, தவறாக எழுதியவரையே கூப்பிட்டு இழுக்கச் சொல்லலாம். ஒரு பாடவேளைக்கு இவ்வளவு போதும், மீதிப் படிகளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.