விரத நாளும் விடுவிப்பு விதியும்: தூண்டில் போட்டி நெறிகளின் முன்வரலாறு குறித்து

இந்தியாவில் மீன் காப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் அசோகரிடமிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்துக்கு ஆய்வுத் தகுதி தந்தவர் சுந்தர்லால் ஹோரா. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த அவர், 1950இல் ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் அசோகரின் ஐந்தாம் தூண் கல்வெட்டை எடுத்துக்கொண்டார். கட்டுரைத் தலைப்பிலேயே அதை மீன்வளச் சட்டம் என்று அழைத்து, கி.மு. 246 என்று ஆண்டும் குறித்தார். அடுத்த ஆண்டு, சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசத்தில் தூண்டில் விளையாட்டைப் பேசும் மத்ஸ்யவிநோதப் பகுதியை எடுத்து எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு நேர்கோடு புலப்படும்: அரசன் மீனைக் காத்தான், பின்வந்த அரசன் விதிப்படி தூண்டில் போட்டான், இன்றைய கடல் தூண்டில் சங்கங்கள் பிடித்த மீனை விடுவிப்பது அந்த மரபின் தொடர்ச்சி. இந்தக் கோடு கல்வெட்டில் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹோராவின் மீனியல் அறிவைப் பற்றி ஐயம் எதுவும் இல்லை. தென்னாட்டு மலையோடைகளின் மீன்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர் தலைமுறையின் உழைப்பு. அவருடைய கல்வெட்டு வாசிப்புதான் என் சிக்கல். சட்டம் என்ற சொல்லை ஒப்புக்கொள்ளலாம். மீன்வளம் என்ற முன்னொட்டு அதற்குப் பொருந்துகிறதா?

கல்வெட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். முடிசூடி 26 ஆண்டுகள் ஆன நிலையில் பிறப்பித்ததாக அசோகர் சொல்லும் இந்த ஆணையின் தடைகளில் மூன்று வகை இங்கே முக்கியம். முதலாவது, எக்காலத்தும் கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியல். கிளி, மைனா, ஆமை, முள்ளம்பன்றி என்று நீளும் அதில் எலும்பில்லா மீன் என்று ஒன்றும், திருக்கை வகை என்று சிலர் கருதும் மற்றொன்றும் வருகின்றன. இரண்டாவது, ஆடும் பன்றியும் சினையாக இருக்கும்போதோ பால் கொடுக்கும்போதோ கொல்லலாகாது. ஆறு மாதம் நிரம்பாத குட்டியையும் கொல்லலாகாது. மூன்றாவதுதான் நம் பொருள். நான்கு மாதப் பருவங்களுக்குரிய மூன்று சாதுர்மாசியப் பௌர்ணமிகளிலும் திஷ்யப் பௌர்ணமியிலும் பதினான்காம் நாள், பதினைந்தாம் நாள், அடுத்த பிரதமை ஆகிய மூன்று நாட்களிலும், உபோசதம் எனும் விரத நாட்கள் எல்லாவற்றிலும், மீனைக் கொல்லக் கூடாது, விற்கவும் கூடாது. அதே நாட்களில் யானைக் காட்டிலும் மீனவர் அனுபவத்தில் உள்ள நீர்நிலைகளிலும் பிற உயிர்களையும் கொல்லக் கூடாது.

இது மீன்வளச் சட்டமாக இருக்க வேண்டுமானால், தடை நாட்கள் மீன் சினைப்படும் காலத்தில் குவிந்திருக்க வேண்டும். கங்கைச் சமவெளியின் பெருங்கெண்டைகளான ரோகு, கட்லா, மிர்கால் ஆகியவை மழை வெள்ளம் ஏறும்போதுதான் முட்டையிடும். தோராயமாக ஆனி முதல் ஆவணி வரை. கல்வெட்டின் நான்கு பெரும் பௌர்ணமிகளில் ஆஷாடம் ஒன்றே அந்தக் காலத்தில் விழுகிறது. மற்றவை பங்குனியை ஒட்டியும், கார்த்திகையிலும், நம் தைப்பூசத்தை ஒட்டியும் வருபவை. மாதம் நான்கு உபோசத நாள் என்று கொண்டால் ஆண்டுக்கு 48. பெரும் பௌர்ணமிகளின் முன்னும் பின்னுமான நாட்கள் 8. ஆகத் தடை நாட்கள் 56. இவற்றில் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதங்களுக்கு உரியவை 12 உபோசத நாட்களும் ஆஷாடத்தின் இரு பக்க நாட்களும் சேர்ந்து 14. ஐம்பத்தாறில் பதினான்கு கால் பங்கு. ஆண்டில் மூன்று மாதமும் கால் பங்குதான். சினைக் காலத்துக்கென்று ஒரு நாள்கூடக் கூடுதலாக ஒதுக்கப்படவில்லை. உபோசத நாட்களை வேறு முறையில் எண்ணினால் தொகை மாறும். இந்த விகிதம் பெரிதாக மாறாது.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். ஆட்டின் சினை வெளியே தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் மீனின் சினை தெரியாது. ஆகவே மீனுக்கு நாள் குறிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. ஆணையை எழுதியவர்களுக்குச் சினை, பால், ஆறு மாதக் குட்டி என்று உயிரியல் நிலையை வைத்து விதி வகுக்கத் தெரிந்திருக்கிறது. அதே கல்லில் வகுத்தும் இருக்கிறார்கள். மீனுக்கு அப்படி வகுக்க விரும்பியிருந்தால் வெள்ளம் ஏறும் மாதங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். கங்கைக் கரை மீனவர் எவரைக் கேட்டாலும் அந்த மாதங்களைச் சொல்லியிருப்பார். மேலும், இதே கல்வெட்டு திஷ்யம், புனர்வசு ஆகிய நாட்களில், அதாவது நம் பூசத்திலும் புனர்பூசத்திலும், காளைக்குக் காயடிப்பதையும் குதிரைக்கும் மாட்டுக்கும் சூடு போடுவதையும் தடுக்கிறது. காளையின் உடலுக்கும் பூச நட்சத்திரத்துக்கும் என்ன தொடர்பு? அந்த நாட்கள் மன்னனுக்கோ சமயத்துக்கோ உரிய நாட்கள். மீனுக்குரிய நாட்களையும் அந்த வரிசையில் வைத்துப் படிப்பதே முறை.

நிலவுக்கும் சினைக்கும் உள்ள உறவைக் காட்டி ஹோராவின் பக்கம் இன்னொருவர் வாதாடக்கூடும். கடலில் களவா போன்ற சில மீன்கள் பௌர்ணமியை ஒட்டிக் கூட்டமாகச் சினை விடுவது உண்மை. ஆனால் ஐந்தாம் கல்வெட்டைத் தாங்கிய தூண்கள் தோப்ரா, மீரட், லௌரியா அரராஜ், லௌரியா நந்தன்கட், ராம்பூர்வா, அலகாபாத் என்று எல்லாம் உள்நாட்டில் நிற்பவை. கடலை ஒட்டிய தௌலியிலும் சோபாராவிலும் உள்ள பாறைக் கல்வெட்டுகளில் இந்த ஆணை இல்லை. கெண்டையைச் சினைக்குத் தூண்டுவது வெள்ளம், நிலவு அன்று. ஒரு நாள் தடையால் மீனின் எண்ணிக்கை கூடுவதும் இல்லை. இன்று தப்பிய மீன் நாளை வலையில் விழும்.

ஆண்டு விஷயத்தில் ஹோராவைக் குறை சொல்ல மாட்டேன். அசோகரின் முடிசூட்டை கி.மு. 269 அல்லது 268 என்று வைப்போருக்கு இந்த ஆணை கி.மு. 243க்கோ 242க்கோ இறங்கிவிடும். 26 என்பது முடிந்த ஆண்டா, நடப்பு ஆண்டா என்பதும் தீரவில்லை. இந்த இடைவெளி வாதத்தைப் பாதிக்காது; எந்த ஆண்டானாலும் மழைக்காலம் அதேதான்.

சட்டம் என்ற சொல்லை ஏன் ஒப்புக்கொள்கிறேன் என்றால், விற்கவும் கூடாது என்ற ஒரு தொடருக்காக. ஆற்றில் கொல்வதைக் கண்காணிப்பது கடினம்; சந்தையில் விற்பதைக் கண்காணிப்பது எளிது. விரத நாள் ஆணைக்குள் இப்படி ஒரு நிர்வாக அறிவு புகுந்திருக்கிறது. மீன்பிடி விதிகளின் வரலாற்றில் உண்மையிலேயே தொடர்ச்சி உள்ளது இந்தத் தொடர்தான். நோக்கம் மாறிக்கொண்டே வந்தாலும் விற்பனையைத் தொடும் விதி திரும்பத் திரும்ப வருகிறது.

தமிழ்நாட்டுக் கண்மாய்களை அறிந்தவர்களுக்கு விற்பனையைத் தொடும் இந்த விதியை விளக்க வேண்டியதில்லை. மேலூரிலும் சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் பெரிதாக நடக்கும் மீன்பிடித் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் பருவம். கரையில் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கூட்டம் காத்து நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பிடித்த விராலையும் கெளுத்தியையும் விற்க மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பதுதான் மரபு. இங்கே நாள் உண்டு, தொடக்கக் குறி உண்டு, கருவிக்கு வரையறை உண்டு, விற்பனைத் தடையும் உண்டு. ஒரு தூண்டில் போட்டியின் விதிநூலில் இருக்க வேண்டிய உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இது மீன் காப்பு அன்று. வற்றும் கண்மாயில் மீன் எப்படியும் சாகும். விதி காப்பது ஊராரிடையே உள்ள நியாயத்தை: முந்தியவன் அள்ளிக்கொண்டு போகக் கூடாது, பொதுச் சொத்தைக் காசாக்கக் கூடாது. அசோகரிடம் விரதத்துக்காகப் பிறந்த வடிவம் இங்கே நியாயத்துக்காக நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லச் சான்று இல்லை.

மானசோல்லாசத்தை விரைவாகக் கடக்கலாம். 1130ஐ ஒட்டி எழுந்த அந்நூல் எந்த மீனுக்கு எந்த இரை, கோலும் கயிறும் முள்ளும் எப்படி இருக்க வேண்டும் என்பதை நுணுக்கமாகச் சொல்கிறது. கடல் மீனையும் நன்னீர் மீனையும் பிரித்துக் காட்டுகிறது. அது மன்னனின் பொழுதுபோக்குக் கலை. அதைக் காப்பு வரலாற்றின் இரண்டாம் அத்தியாயமாக வைத்தால் நூலுக்கும் நியாயம் செய்தவர்களாக மாட்டோம், வரலாற்றுக்கும் மாட்டோம்.

மீனுக்காகவே எழுதப்பட்ட விதி தமிழ்நாட்டில் மலையில் தோன்றியது. 1877இல் உதகையில் நீலகிரி வேட்டைச் சங்கம் அமைந்தது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் காப்புச் சட்டம் வந்தது. மூடிய பருவமும் உரிமச் சீட்டும் சங்கத்தோடும் சட்டத்தோடும் கைகோத்தன. அங்கே காக்கப்பட்டது வெள்ளைக்கார வேட்டைக்காரரின் நாளைய விளையாட்டு என்பதை மறக்கக் கூடாது. 1873இல் இந்தியத் தூண்டில் நூலை எழுதிய ஹென்றி சல்லிவன் தாமஸ் போன்றோர் ஆற்றில் நஞ்சு கலப்பதையும் சிறுகண் வலையையும் எதிர்த்து வாதாடினார்கள். அந்த வாதங்களின் வழியில் 1897இன் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுத்தது. கடலைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி, வெடித் தடை கரையிலிருந்து ஒரு கடல் லீக் தொலைவுவரை, அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் வரை, நீண்டது என்பதே.

கடல் தூண்டில் சங்கங்களின் விதி வேறு திசையிலிருந்து வந்தது. 1898இல் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவில் சார்லஸ் ஹோல்டர் தொடங்கிய சூரைச் சங்கம் கோலையும் கயிற்றையும் வரையறுத்தது. இருபத்து நான்கு இழைக்கு மேற்பட்ட லினன் கயிறு கூடாது. தடித்த கைக்கயிற்றால் பெருமீன்களை இழுத்துப் போட்டு வீணாக்கும் வழக்கத்துக்கு எதிராக மீனுக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்பது அவர் கருத்து. இதுவும் நியாய விதிதான், கண்மாய்க் கரையின் வெள்ளை வீச்சைப் போல. 1939இல் உருவான சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் இதையே உலகளாவிய விதியாக்கியது. ஆனால் வெற்றியைத் தராசு முடிவு செய்தவரை மீன் செத்தே ஆக வேண்டும். போட்டி விதிக்கும் காப்புக்கும் நடுவே நெடுங்காலம் நின்ற தடை இந்தத் தராசுதான்.

அது மெல்ல மெல்லத்தான் விலகியது. 1988இல் அமெரிக்கா அட்லாண்டிக்கின் கொம்பன், மயில்மீன் வகைகளை விற்பதற்குத் தடை விதித்தது. விற்கவும் கூடாது என்ற அதே உத்தி, இம்முறை மீனுக்காக. 2008இல் இயற்கை இரை போடும் கொம்பன் போட்டிகளுக்கு வட்டமுள் கட்டாயமானது. நேர்முள்ளை மீன் விழுங்கினால் அது குடலில் குத்தும். வட்டமுள் வாயோரத்தில் மாட்டும். விட்ட மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம். 2011இல் சர்வதேசச் சங்கம் நீளத்தை மட்டும் அளந்து மீனை விடுவிக்கும் சாதனைப் பிரிவை ஏற்படுத்தியது. தூண்டில் போட்டியில் காப்பு விதியின் பிறப்பை நான் 1988க்கும் 2011க்கும் இடைப்பட்ட இந்த ஆண்டுகளில்தான் வைப்பேன், அசோகரில் அன்று.

விடுவிப்பும் தன்னளவில் காப்பாகிவிடாது என்பதற்குக் காவிரியே சான்று. 1972இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியில் பிடித்து விடுவிக்கும் தூண்டிலை வளர்த்தது. மீன் திருடியவர்களே வழிகாட்டிகளானார்கள். கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பதிவான 6,161 மாசீர் வகைப் பெருங்கெண்டைகளின் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு இனம் பெருகியிருந்தது. ஆற்றுக்கே உரிய திமில் பெருங்கெண்டை அருகியிருந்தது. அந்தத் திமில் மீனுக்குரிய அறிவியல் பெயர் 2018இல்தான் உறுதியாயிற்று. பாம்பாற்று மீனுக்கு 2007இல் இட்ட பெயரே அதற்கும் உரியது என்று கண்டார்கள். அதே ஆண்டில் அது மிக அழிநிலைப் பட்டியலில் சேர்ந்தது. இத்தனை ஆண்டு விடுவித்தவர்களுக்குத் தாம் எந்த மீனை விடுவிக்கிறோம் என்பது தெரியாது. ஆனால் அவர்கள் பதிவேடு வைத்திருக்காவிட்டால் அருகியது ஒருவருக்கும் தெரிந்திராது. 2010களின் தொடக்கத்தில் காப்புப் பகுதிகளுக்குள், பிடிப்பதும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தின்கீழ் தூண்டில் நின்றது. அதோடு பதிவேடும் நின்றது. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

தமிழகத்தின் கிழக்குக் கடலில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடை 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை. அது விசைப்படகுகளுக்கானது. பாறைக் கரையில் நின்று பாறை மீனுக்கும் கொடுவாவுக்கும் தூண்டில் போடுபவரை அது தொடுவதில்லை. அதனால் இந்தக் கடலில் நடக்கும் போட்டிக்கு நாளைக் குறிப்பதும், மீனுக்குக் குறைந்த அளவு வைப்பதும், முள்ளின் வகையைச் சொல்வதும் நடத்துபவர் கையில்தான் இருக்கிறது. அந்த 61 நாள் எந்தெந்த மீனின் சினைக்காலத்தோடு ஒத்துப்போகிறது என்பதை மீன் மீனாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அசோகரின் 56 நாளிடம் கேட்ட கேள்விதான் இதுவும். அதற்கு விடை தேட, எந்த மாதத்தில், எந்த நீளத்தில், சினையோடா இல்லையா என்று ஒவ்வொரு மீனையும் எழுதிவைத்த போட்டிப் பதிவேடு வேண்டும்.