பெல்ஃபாஸ்ட் நடமாடும் இதயச் சிகிச்சைப் பிரிவு

மாரடைப்பு வந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, அவர் இருக்கும் இடத்துக்குச் சென்று தீவிர சிகிச்சையைத் தொடங்கிய முன்னோடித் திட்டம் பெல்ஃபாஸ்ட் நடமாடும் இதயச் சிகிச்சைப் பிரிவு. வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டில், ராயல் விக்டோரியா மருத்துவமனையின் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜும் அவருடைய இளம் சக மருத்துவர் ஜான் கெடஸும் 1966 ஜனவரியில் இதைத் தொடங்கினர். ஆம்புலன்ஸ் என்பது நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டுமே என்ற எண்ணத்தை மாற்றியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பின்னணி

1960களின் தொடக்கத்தில் ஆம்புலன்சில் சிகிச்சை என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. அமெரிக்காவின் பல ஊர்களில் ஈமச்சடங்கு நிறுவனங்களே ஆம்புலன்ஸ் ஓட்டின. ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது.

ஆனால் மருத்துவமனைக்குள் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. மாரடைப்பின்போது இதயத்தின் கீழறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கினால், சில நிமிடங்களில் உயிர் பிரியும். இந்த நடுக்கத்தை, மார்பைத் திறக்காமலே மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தலாம் என்று 1956இல் பால் ஸோல் காட்டினார். 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகியோர் மார்பைக் கைகளால் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் முறையை வெளியிட்டனர். 1961இல் டெஸ்மண்ட் ஜூலியன், மாரடைப்பு நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கண்காணிக்க வேண்டும் என்றார். அதன்பின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்றின.

கணக்கில் வராத மரணங்கள்

இந்தப் பிரிவுகளின் புள்ளிவிவரங்களில் ஒரு குறை இருந்தது. மருத்துவமனைக்கு உயிருடன் வந்தவர்கள் மட்டுமே அவற்றில் இடம்பெற்றனர். 1963இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஐம்பது வயதும் அதற்குக் குறைவும் உள்ளோரின் மாரடைப்பு மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முதல் ஒரு மணி நேரத்துக்குள் நிகழ்ந்ததாகக் காட்டியது. நோயாளிகளில் பலர் மருத்துவமனையை அடையவே பல மணி நேரம் ஆயிற்று. அப்படியானால், எவ்வளவு சிறந்த சிகிச்சைப் பிரிவானாலும் பெரும்பான்மையான மரணங்களை அதனால் தடுக்க இயலாது. பான்ட்ரிட்ஜின் திட்டம் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது.

பான்ட்ரிட்ஜ்

1916இல் பிறந்த பான்ட்ரிட்ஜ், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியாகி, சயாம்–பர்மா ரயில்பாதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர் மடிந்த ‘சயாம் மரண ரயில்’ பாதை அதுவே. அங்கே இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய்க்கு ஆளாகியும் அவர் உயிர் பிழைத்தார்.

வண்டியும் முறையும்

அன்றைய டிஃபிப்ரிலேட்டர், அதாவது இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி, சுவர் மின்சாரத்தில் இயங்குவது. அதை வண்டியில் இயக்க, இரண்டு 12 வோல்ட் கார் பேட்டரிகளும் மின்மாற்றுக் கருவியும் இணைக்கப்பட்டன. மொத்த எடை சுமார் 70 கிலோ. அழைப்பு வந்ததும் மருத்துவரும் செவிலியரும் வண்டியில் விரைவர். நோயாளியைக் கண்டவுடன் தூக்கிக்கொண்டு ஓடாமல், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் நிலைப்பட்ட பிறகே அவரை நகர்த்துவர்.

முடிவுகள்

1967 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் பான்ட்ரிட்ஜும் கெடஸும் 15 மாத அனுபவத்தை வெளியிட்டனர். 312 நோயாளிகளை அந்தப் பிரிவு கவனித்திருந்தது. வழியில் ஒருவரும் இறக்கவில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன பத்துப் பேர் உயிர்ப்பிக்கப்பட்டனர். அவர்களில் ஐவர் நலமடைந்து வீடு திரும்பினர்.

இந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை, எண்ணிக்கையும் சிறியது. எனவே மாரடைப்பு மரண விகிதம் மொத்தத்தில் எவ்வளவு குறையும் என்பதை இது நிறுவவில்லை. ஆனால் வீட்டிலோ தெருவிலோ நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்க முடியும் என்பதற்கு அந்த ஐவரே சான்றாயினர்.

தாக்கம்

1968இல் நியூயார்க்கின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை இம்முறையைப் பின்பற்றியது. வண்டியில் மருத்துவர்தான் செல்ல வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. மயாமி, சியாட்டில் முதலிய நகரங்களில் தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி அளித்து, மருத்துவர் அல்லாதோரும் இதைச் செய்யலாம் என்று காட்டினர். இன்றைய பாராமெடிக் பணி வளர்ந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

பெல்ஃபாஸ்ட் குழு, அமெரிக்க விண்வெளித் திட்டத்துக்காக உருவான சிறிய மின்தேக்கியைப் பயன்படுத்தி, கருவியின் எடையைச் சுமார் 3 கிலோவாகக் குறைத்தது. ஆயினும் பிரிட்டனின் முன்னணி ஆம்புலன்ஸ்கள் அனைத்திலும் டிஃபிப்ரிலேட்டர் இடம்பெற 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பான்ட்ரிட்ஜ் 2004இல் காலமானார். இன்று விமான நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் தானியங்கிக் கருவிகள், மரணம் நிகழும் இடத்துக்கே சிகிச்சை செல்ல வேண்டும் என்ற அவருடைய வாதத்தின் தொடர்ச்சியே.