பெருச்சாளியும் புகைச்சட்டியும்

நம்ம கோவையில் வீட்டுத் தோட்டத்தைக் குடைவது பெருச்சாளி. உடனே விஷம் வாங்குகிறோம். விஷமில்லாத வழிக்கும் ஒரு வரலாறு உண்டு.

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர்கள் எலி வளையின் மற்ற வாய்களை அடைத்து, மண்சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே ஏற்றுவார்கள். பிறகு தோண்டிப் பிடிப்பார்கள். எலியும் அது சேர்த்த நெல்லும் அவர்களுக்கு உணவு.

1970களில் பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் பலர் எலி பிடிப்பதையே நம்பினார்கள். ஆனால் ஊதுகிறவர் வாய் வெந்தது, நெஞ்சில் புகை நிறைந்தது. 2003-ல் உலக வங்கிப் போட்டியில் கிடைத்த உதவியால், கையால் சுற்றும் விசிறி வைத்த எஃகுச் சட்டி அவர்களிடம் போனது.

விஷம் தின்ற எலியை மனிதர் சமைக்க முடியாது. தின்னும் ஆந்தையும் சாகலாம். காமர்ஸ் படிக்கிறவன் சொல்கிறேன்: விஷப் பாக்கெட்டின் விலையில் இந்த நஷ்டம் சேரவே இல்லை!