வான்வழியில் வழித்துணை

1947ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் முறையான பயணிகள் சேவை சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தினின்றும் தொடங்கியது. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்த அவ்விமானம் 'ஏர்ஸ்பீட் கான்சல்' என்னும் இரட்டை எந்திர வகையைச் சேர்ந்தது. மீன்கொத்தியைக் குறிக்கும் 'ராஜா ஊடாங்' என்ற மலாய்ப் பெயரைத் தாங்கிய அதில் ஐந்து பயணியர்க்கே இடமிருந்தது. வானில் அவர்கட்குக் கிடைத்த விருந்தோம்பல் தெர்மாஸ் குடுவையிலிருந்த குளிர்ந்த நீர் மட்டுமே. ஒரே குடுவை கைமாறிச் செல்லும் இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருத்தல் அரிது.

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட அதே வழி, 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகிலேயே மிகுதியான விமானங்கள் பறக்கும் பன்னாட்டு வான்வழியாக விளங்கியது. ஓராண்டில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட முறை விமானங்கள் அவ்வழியே சென்று வந்தன. வணிகத்தின் பொருட்டும் அலுவலின் பொருட்டும் வாரந்தோறும் பறப்பவர் அவற்றுள் பலர். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறப்பு. சாளரத்தோர இருக்கை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிடில் ஒரு சிறு உறக்கம். தோளோடு தோள் உரச அமர்ந்திருந்தவரின் பெயரை அறியாமலே இறங்கிச் செல்வது அன்றாட வழக்கமாயிற்று. இம்மாற்றத்தை அறிய, காலாங் நிலையம் தோன்றுவதற்கும் முந்திய ஆண்டுகளுக்குச் செல்லுதல் வேண்டும்.

1935ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டன் மாநகருக்கும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கும் இடையே வான்வழிப் பயணிகள் சேவை தொடங்கியபோது, அப்பயணம் பன்னிரண்டரை நாள் நீடித்தது. வான்வழி என்ற பெயரேயன்றி முழுவதும் வானில் செல்லவில்லை. பயணி பாரிஸ் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகம் வரை இரயிலில் அமர்ந்து, மத்தியதரைக் கடலைக் கடற்விமானத்தில் கடந்து, எகிப்திலிருந்து மீண்டும் தரைவிமானத்தில் ஏறிச் சிங்கப்பூர் வந்து சேர்வார். அப்பால் செல்பவர் குவாண்டஸ் நிறுவனத்தின் விமானத்திற்கு மாறுதல் வேண்டும். புறப்படுமுன் பெட்டியோடு பயணியையும் தராசில் நிறுத்துவர். உடல் பருத்த கனவான்களுக்கு அது எத்துணைச் சோதனையாய் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்!

இரவில் தரையிறங்கித் தங்குவது அன்றைய வழக்கம். பாரசீக வளைகுடாவில் ஷார்ஜாவின் மணல்வெளியில் இப்பயணிகளுக்கெனவே கோட்டையொன்று போன்ற விடுதி எழுப்பப்பட்டது. சுற்றிலும் பாலை, உள்ளே ஒரு சிலர். இரவு உணவுக்கு ஒரே கூடத்தில் அமர்ந்தவர்கள் மறுநாட்காலை மீண்டும் ஒரே விமானத்தில் ஏறினர். முதல் நாள் அயலார், மூன்றாம் நாள் அறிமுகமானவர், பத்தாம் நாள் ஒருவர் குறட்டையை மற்றவர் அறிந்தவர்!

1938இல் கடற்விமானங்களே நேராகச் சிங்கப்பூர்வரை வரத் தொடங்கின. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஐந்தாறு நாட்களில் வந்த அவ்விமானங்கள், இந்தியாவைக் கடக்கும்போது இராஜசமந்த், குவாலியர் முதலிய இடங்களின் ஏரிகளில் இறங்கின. அவற்றினுள் உலாவுதற்கென்றே ஓர் அறை இருந்தது. அதன் நீண்ட சாளரங்களின் ஓரமாக அமைந்த கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றி நின்றவாறு, தாழப் பறக்கும் விமானத்தினின்றும் ஆறுகளையும் ஊர்களையும் காண்பது பயணத்தின் தலையாய இன்பமாயிருந்தது. காட்சியொன்றைக் கண்டவர் பக்கத்திலிருப்பவரை அழைத்துக் காட்டாமல் இரார். இன்றைய விமானம் முப்பதாயிரம் அடிக்கும் மேலே பறக்கிறது. சாளரத்தில் மேகமன்றி வேறு காண்பது அரிது. காட்டுவதற்குப் பொருளில்லாத இடத்தில் கூப்பிடுவதற்கும் காரணமில்லை.

எனினும் அந்த உலாவும் அறையில் நின்றவர்கள் யாவர் என்ற வினாவையும் எழுப்பியாக வேண்டும். இலண்டனிலிருந்து பிரிஸ்பேன் செல்ல 1935இல் கட்டணம் 195 பவுன். அந்நாளைய மாற்று வீதப்படி அது ஏறத்தாழ 1,670 மலாயா வெள்ளி. 1930களின் பிற்பகுதியில் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியான ஓர் ஆணின் நாட்கூலி ஐம்பது காசு அளவில் இருந்தது. நாள் தவறாமல் உழைத்து ஒரு காசும் செலவழிக்காதிருந்தாலும் அப்பயணச்சீட்டுக்கு ஒன்பதாண்டுக் கூலி போதாது. தமிழர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்தில் பாய் விரித்து வந்தனர். கடற்விமானம் சிங்கப்பூர்க்கு வந்த அதே 1938இல்தான், உதவிபெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடிபெயர்ச்சியை இந்திய அரசு தடை செய்தது. ஆங்கிலேய அதிகாரிக்கு வழித்துணை வானிலே வாய்த்தது. நம்மவர்க்கு அது கடல்மேல் வாய்த்தது. 1926இல் கட்டப்பட்டு 1973வரை ஓடிய ராஜூலா கப்பலின் தளத்தில் பழகியவர்கள் வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிந்தபின்னும் அப்பழக்கத்தை மறக்காதிருந்தனர்.

போருக்குப் பிந்திய வளர்ச்சி விரைந்தது. ஐந்து இருக்கைகள் இருபதாகி, 1962இல் ஜெட் விமானமும் மலாயன் ஏர்வேஸின் சேவைக்கு வந்தது. 1972இல் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நிறுவனம் கொண்டன. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் நிறுவனத்தின் சேவைக்கு ஜம்போ ஜெட் வந்தது. அவ்வப்போது இறங்கும் நிறுத்தங்கள் குறைந்தன. இரவுத் தங்கல் மறைந்தது. ஒருவர்க்கு ஒரு தட்டு, ஒருவர்க்கு ஒரு குவளை, 1990களில் ஒருவர்க்கு ஒரு சிறு திரை என வசதிகள் பெருகின. இவற்றைக் குறைகூறுவதற்கில்லை. பசித்தவனுக்குத் தனித்தட்டு நன்றே. ஆயினும் கைமாறிய குடுவை மறைந்தபோது அதனுடன் சென்ற பேச்சும் மறைந்தது.

சிதம்பரம் கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளாகிப் பலர் உயிரிழந்தனர். அதன்பின் சென்னைக்கும் நம் துறைமுகங்களுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை முடிவுற்றது. அன்றுமுதல் தமிழர் அனைவருக்கும் வான்வழியே வழியாயிற்று. கப்பல் தளத்தின் பழக்கத்தை அவர்கள் விமானத்துள்ளும் கொண்டு வந்தனர். அடிக்கடி பறக்கும் வணிகர் விழிமூடி அமர்ந்திருக்க, பேரப்பிள்ளையைக் காண முதன்முறை பறக்கும் மூதாட்டி அவரை எழுப்புவார். காரணம், குடிநுழைவு அட்டை.

பணிப்பெண் தந்துசென்ற அச்சிறு அட்டையில் பெயர், கடப்பிதழ் எண், தங்கும் முகவரி ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதுதல் வேண்டும். "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுப்பா" என்று மூதாட்டி தம் கடப்பிதழை அப்படியே நீட்டுவார். மடித்து வைத்த தாளில் மகன் எழுதியனுப்பிய முகவரியும் அதனோடு வரும். கிள்ளான் என்றோ சிரம்பான் என்றோ அதில் கண்டவுடன், எழுதுபவர் நிமிர்ந்து, "அங்கே எந்தப் பக்கம் அம்மா?" என்று கேட்பார். எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து இன்னும் இரண்டு கடப்பிதழ்கள் வந்து சேரும். முன்பின் அறியாத ஒருவரிடம் தம் கடப்பிதழையே ஒப்படைக்கும் துணிவு எழுத்தறியாமையினால் வந்தது எனினும், அவ்வட்டை உண்டாக்கிய உரையாடலுக்குக் கணக்கில்லை. சட்டைப்பையில் பேனா வைத்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்வனுபவத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2020இல் சிங்கப்பூர் தாள் அட்டையை நீக்கி மின்படிவத்தைக் கட்டாயமாக்கியது. மலேசியாவும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024ஆம் ஆண்டு முதல் மின்னட்டை முறையைக் கொணர்ந்தது. மூதாட்டி சென்னையில் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னரே, கோலாலம்பூரிலிருக்கும் மகன் தன் கைப்பேசியில் யாவற்றையும் எழுதி முடித்துவிடுகிறான். விமானத்தில் அவர் கையில் இப்பொழுது தாளும் இல்லை. அதை நீட்ட வேண்டிய தேவையும் இல்லை. இருக்கை வாரின் கொக்கியை எங்ஙனம் மாட்டுவது என்பது மட்டும் அவருக்கு இன்னும் விளங்காமலிருக்கிறது. இருமுறை முயன்று பார்த்துவிட்டு, திரையில் கண்வைத்திருக்கும் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கையை மெல்லத் தொடுகிறார்.