காலில் உரிந்த தோல்

‘பட்ட காலிலே படும்’ என்பது பழமொழி. கனத்த வண்டிச் சக்கரம் ஏறிக் காலின் தோல் உரியப் பெற்றவர்களுக்கு இப்பழமொழி ஒரு காலத்தில் மெய்யாகவே பலித்தது. முதல் அடி சக்கரத்தால் வந்தது. இரண்டாம் அடி நல்லெண்ணத்தோடு தைத்த ஊசியால் வந்தது. இரண்டாம் அடி நீங்கிய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

காலின் தசைகளை ஓர் உறுதியான சவ்வு உறைபோல் மூடியிருக்கிறது. தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் பல அதனைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. சுழலும் சக்கரம் தோலைப் பற்றி இழுக்கையில், தோலும் அதன் அடிக்கொழுப்பும் சேர்ந்து பெயர, இக்குழாய்கள் அறுந்து போகின்றன. சில வேளைகளில் வெளியே காயம் தெரியாது. உள்ளே தோல் பெயர்ந்து நீர் கோத்திருக்கும். இதனை 1863-ல் விரிவாக எழுதியவர் பிரெஞ்சு வைத்தியர் மொரெல்-லவாலே.

தொங்கும் தோலைக் கண்டால், அதைப் பழைய இடத்திலேயே வைத்துத் தைக்கத்தான் எவருக்கும் தோன்றும். முதல் நாள் அதன் நிறங்கூடக் கெடாதிருக்கலாம். ஆனால், இரத்த ஓட்டம் அற்ற தோல் சில நாட்களில் கருத்து அழுகும். அதனால் காலை இழந்தோரும் உயிரை இழந்தோரும் உண்டு.

இதற்கு விடை வேறொரு வழியாக வந்தது. 1869-ல் ஜினீவாப் பகுதியிற் பிறந்த ரெவெர்தேன் என்ற இளம் வைத்தியர், பாரிஸ் நகரில், சிறு தோல் துணுக்குகளைப் புண்ணின்மேல் வைத்துப் பிழைக்கச் செய்தார். 1875-ல் கிளாஸ்கோ நகரக் கண் வைத்தியர் உல்ஃப், முன்கையின் முழுத்தோலை எடுத்துக் கண்ணிமையில் ஒட்டினார். அடிக்கொழுப்பை முற்றும் நீக்கிய பின்னரே அவர் அதனை ஒட்டினார்.

ஒட்டிய தோல் முதல் ஓரிரு நாட்கள் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சியே வாழ்கிறது. பின்னரே இரத்தக் குழாய்கள் இணைகின்றன. இடையே கொழுப்பு இருந்தால் இரண்டிற்கும் தடை. ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவோர் இதனை எளிதில் உணர்வர்: மொட்டுப் பட்டையின் உட்புறம் கன்றின் ஈரத்தோடு படிந்தாலன்றி ஒட்டு உயிர்பிடிக்காது.

இவ்வுண்மையைக் காலுக்குப் பயன்படுத்தியவர் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பணியாற்றிய ஆல்பிரட் பார்மர். பெயர்ந்த தோலை அறுத்தெடுத்து, கொழுப்பை நீக்கி, அதே காலில் மீண்டும் ஒட்டும் முறையை அவர் 1939-ல் வெளியிட்டார். தொங்கிக்கொண்டாவது இருக்கும் தோலை முழுதும் அறுப்பதா என்று மனம் கூசும். ஆயினும், காப்பாற்றுவதற்காகவே அதனை அறுக்க வேண்டியிருந்தது. அது முதல், இரத்தம் ஓடும் பகுதி எது, ஓடாத பகுதி எது என்று தேர்ந்தறிவதே இச்சிகிச்சையின் முதற்படியாயிற்று.

பின் வந்தவை இதனை நிறைவு செய்தன. தோலை ஒரே கனத்தில் சீவும் கருவியை அமெரிக்காவில் பாட்ஜெட்டும் ஹூடும் அமைத்தனர். 1964-ல் டானர் முதலியோர் தோலை வலைபோற் கீறி விரிக்கும் முறையைத் தந்தனர். வெறும் எலும்பின்மேல் தோல் ஒட்டாது. அதற்கும் 1973-ல் மெல்போர்னில் டெய்லரும் டேனியலும் வழி கண்டனர். தொடையிடுக்குத் தோலை இரத்தக் குழாய்களோடு எடுத்துக் காலில் இணைத்தனர்.

ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லத்தக்கவை இரண்டு. சக்கரம் ஏறிய கால் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உடனே வைத்தியரிடம் காட்டுக. துண்டாகிப்போன தோலை எறியாதீர். தூய ஈரத் துணியிற் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கொண்டு செல்க. பனிக்கட்டி தோலில் நேரே படலாகாது. எறிய நினைத்த அத்தோலே அக்காலை மூடும் மருந்தாகலாம்.