தூக்குமேடையும் இளம் பருவமும்

குற்றம் புரிந்த சிறுவனைத் தூக்கிலிடலாமா? இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் விடை கண்ட வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

2024 வரை நடைமுறையிலிருந்த 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டப்படி, 7 வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகக் கருதப்படவில்லை. 12 வயது வரை அறிவு முதிர்ச்சி ஆராயப்பட்டது. அதனைக் கடந்த சிறுவனுக்கும் பெரியவனுக்கும் அச்சட்டத்தின் எழுத்தில் வேற்றுமை இருக்கவில்லை.

1920-இல் சென்னை மாகாணம் முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் அவ்வழியைப் பின்பற்றின. 1960-இல் நாடாளுமன்றம் மத்திய ஆட்சிப் பகுதிகளுக்கென இயற்றிய சட்டம், சிறுவர்க்கு மரண தண்டனை கூடாதென வெளிப்படையாக விதித்தது. ஆண் பிள்ளைகளுக்கு அன்று 16 ஆக இருந்த வயது வரம்பை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 18 ஆக்கியது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம், கொடுங்குற்றங்களில் 16 வயது நிறைந்தோரைப் பெரியவராக விசாரிக்க இடமளித்தது. ஆயினும் தூக்குக்கு இடமளிக்கவில்லை.

எனினும், வயதை மெய்ப்பித்தால் அல்லவா இக்காப்பு பயன்படும்? 1994-இல் புனேயில் நிகழ்ந்த கொலை வழக்கில், இராஜஸ்தானத்தைச் சேர்ந்த ஒருவனுக்கு 1998-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் நிகழ்ந்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டரையே என்பதைச் சொந்த ஊர்ப் பள்ளிப் பதிவேடு காட்டிற்று. 2023 மார்ச்சு மாதத்தில் உச்சநீதிமன்றம் அவனை விடுவித்தது. அதற்குள் 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறந்த ஊரின் ஒரு பதிவேடு அவனை மீட்டது. தண்டனை நிறைவேறியிருந்தால், அப்பதிவேடு யாரை மீட்டிருக்கும்?