ஏழு மில்லிமீட்டரும் த்ரீ நாட் த்ரீயும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் போன் செய்தார். அங்கே 1,000 கெஜ தூரத்தில் பலகை வைத்துச் சுடும் பழக்கம் அவருக்கு வந்திருக்கிறது. "சார், 6.5 க்ரீட்மோர்னு ஒரு தோட்டா, .308னு ஒரு தோட்டா. பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. எதை எடுக்கலாம்?" என்று கேட்டார். நான் துப்பாக்கியைத் தொட்டது என்.சி.சி. பொறுப்பில் இருந்த காலத்தில் மட்டும்தான். "தூரம் மட்டும்தான் கணக்கு என்றால் மெலிந்தது, எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும் என்றால்.308" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் இதே கேள்வி ஒரு காலத்தில் ஒரு பேரரசின் முன்னாலேயே வந்து நின்றது. அது நம் ஆட்கள் வரை வந்து தொட்ட கதை. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் தீப்பற்ற வைக்கும் மூடி, முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். நம் ஊர் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்த "த்ரீ நாட் த்ரீ" என்ற பெயர், குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் என்பதால் வந்தது. அதாவது 7.7 மில்லிமீட்டர். 1880-களின் இறுதியில் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு போர் வந்தது. டச்சு வம்சாவளி விவசாயிகளான போயர்களின் கையில் ஜெர்மனியில் செய்த மௌசர் துப்பாக்கி. அதன் தோட்டா 7 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.7 மில்லிமீட்டர்; மைக்ரோ டிப் பென்சிலில் போடுகிற லெட்டின் தடிமன்! ஆனால் மௌசர் குண்டு 11 கிராம் சொச்சம், விநாடிக்கு சுமார் 700 மீட்டர் வேகத்தில் கிளம்பும். பிரிட்டிஷ் குண்டு 14 கிராம், வேகம் 600-க்குச் சற்று மேல்.

பத்தாம் வகுப்புக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். குண்டு எவ்வளவு வேகமாகப் போனாலும் புவியீர்ப்பு அதை விடாது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 500 மீட்டர் போவதற்குள் மௌசர் குண்டு இரண்டரை மீட்டர் கீழே இறங்கும். பிரிட்டிஷ் குண்டு மூன்றே கால் மீட்டருக்கும் மேல். 'அதற்குத்தானே சார் சைட்டை ஏற்றி வைக்கிறோம்' என்பீர்கள். சரிதான், தூரம் சரியாகத் தெரிந்தால். வெட்டவெளியில் எதிரி 400 மீட்டரிலா 500 மீட்டரிலா என்று யார் அளந்து சொல்வது? வேகமான குண்டு தரையை ஒட்டித் தட்டையாகப் போவதால், தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் ஆள் மேல் படுகிற வாய்ப்பு அதிகம். தொலைதூரச் சுடுதலின் சூட்சுமமே இதுதான்.

போயர் தளபதி டி லா ரே இதைப் புரிந்துகொண்டவர். வழக்கமாக எல்லோரும் மலை உச்சியில் இருந்து கீழ்நோக்கிச் சுடுவார்கள். உச்சியிலிருந்து வரும் குண்டு சாய்வாக வந்து ஓர் இடத்தில் குத்தும், அவ்வளவுதான். அவர் மாகெர்ஸ்ஃபான்டெய்ன் என்ற இடத்தில் மலையின் அடிவாரத்தில் பதுங்குகுழி வெட்டச் சொன்னார். பிரிட்டிஷ் பீரங்கிகள் முந்தின நாள் முழு மூச்சாகச் சுட்டது வெறும் மலையை. 1899 டிசம்பர் 11 விடியலில், நெருக்கமாக அணிவகுத்து வந்த ஸ்காட்லாந்துப் படையினர் மேல் தரைமட்டத்திலிருந்து குண்டுகள் பாய்ந்தன. தளபதி வாக்கோப் அங்கேயே விழுந்தார். மற்றவர்கள் நாள் முழுக்க வெயிலில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். பாவாடை மாதிரியான கில்ட் உடை என்பதால் முழங்காலின் பின்புறம் வெயிலில் கொப்பளித்துப் போனது. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 900-க்கும் மேல்.

அடுத்த மாதம் ஸ்பியான் காப் மலையில் இன்னொரு தோல்வி. அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையும் உண்டு. சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி நம் மதராஸ் மாகாணத்துக்காரர்கள். துப்பாக்கிச் சூடு எட்டும் எல்லைக்கு உள்ளே வரவேண்டாம் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை. ஸ்பியான் காப்பில் அந்த எல்லையைத் தாண்டி வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்; போனார்கள். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து ஸ்ட்ரெச்சர் தூக்கியவனுக்கு, எதிரியின் தோட்டா எவ்வளவு தூரம் தட்டையாக வரும் என்பது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை.

போர் முடிந்ததும் லண்டனில் ஆராய்ச்சி. 'எங்கள் தோட்டா மட்டம், அவர்களுடையது உசத்தி' என்ற பேச்சு பலமாக எழுந்தது. என்னைக் கேட்டால் அது பாதி உண்மை. போயர்கள் ஐந்து தோட்டாக்களை ஒரே பட்டியில் கோத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளினார்கள்; பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொன்றாகத் திணித்தான். போயர்கள் சிறு வயதிலிருந்து வேட்டையாடிப் பழகியவர்கள். குழியும் வெட்டியிருந்தார்கள். துப்பாக்கிகளை மாற்றிக் கொடுத்திருந்தாலும் மாகெர்ஸ்ஃபான்டெய்னில் முடிவு மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டி விஷயத்தை 1903-ல் வந்த புதிய லீ-என்ஃபீல்டில் சரிசெய்தார்கள். 1910-ல் அதே .303 கூட்டில் கூர்முனைக் குண்டு வைத்தார்கள்: 11 கிராம், வேகம் 740-க்கு மேல். ஏழாம் மார்க் என்று பெயர்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மௌசர் மனதை விட்டுப் போகவில்லை. புதிதாக .276 என்று ஒரு தோட்டா செய்தார்கள். அதே 7 மில்லிமீட்டர், ஆனால் கூடு பெரியது, மருந்து அதிகம், வேகம் சுமார் 850 மீட்டர். அதற்கென்று ஒரு துப்பாக்கியும் வடிவமைத்து, 1913-ல் சுமார் ஆயிரம் துப்பாக்கிகளைச் சிப்பாய்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். காகிதத்தில் அருமை. கையில் எடுத்தால் குழல் சீக்கிரம் சூடாகிறது, உள்பக்கம் அரித்துப் போகிறது, காதைப் பிளக்கும் சத்தம், முனையில் பெரிய தீப்பிழம்பு. சூடேறிய குழலுக்குள் வைத்த தோட்டா விசையை அழுத்தாமலே வெடிக்கிற ஆபத்து வேறு.

காரணம் கார்டைட் மருந்து. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின் கலந்து நூல் நூலாகப் பிழிந்து எடுப்பது. எரியும்போது வெப்பம் அதிகம், குழலைத் தின்னும். முதலில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம் இருந்தது. அரிப்பைப் பார்த்து 30 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்படியும் .276-ன் பெரிய கூட்டுக்குள் அது அடங்கவில்லை.

ஊட்டி ரயிலில் போனவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ள தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த கார்டைட்டைச் செய்வதற்காகவே தொடங்கப்பட்டது. புனே பக்கம் கிர்க்கியில் .303 தோட்டா செய்தார்கள். இப்போது பிரச்சினையின் அளவு புரியும். தோட்டாவை மாற்றுவது என்றால் துப்பாக்கியை மட்டும் மாற்றுவதில்லை. இயந்திரத் துப்பாக்கிகள், உலகம் முழுக்க இருக்கும் பட்டறைகள், கிடங்கில் அடுக்கியிருக்கும் பெட்டிகள், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

1914 ஆகஸ்டில் உலகப் போர் வெடித்தது. .276 அன்றோடு மூடப்பட்டது. வேண்டாம் என்று தள்ளிவைக்க இருந்த .303-தான் போரைச் சுமந்தது. நீண்ட தூரத்துக்கு லாயக்கில்லை என்று போட்டிச் சுடுநர்கள் ஏசிய அதே லீ-என்ஃபீல்டைக் கொண்டு சிப்பாய்கள் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுட்டார்கள். பிறகு எல்லோரும் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டார்கள். எதிரி கூப்பிடு தூரத்தில். 2,000 கெஜத்துக்கும் அப்பால் கூட்டமாகச் சுட என்று துப்பாக்கியின் பக்கவாட்டில் தனியாக ஒரு சைட் இருந்தது. போரின் நடுவிலேயே அதை வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொரு இடம். அந்த இலையுதிர் காலத்தில் நம் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களிடம் இருந்தது பழைய மொட்டைமுனைக் குண்டுக்கு அளவு செய்த துப்பாக்கி. பிரான்சில் புழங்கியது ஏழாம் மார்க். இரண்டும் .303, பெட்டியில் ஒரே எண். ஆனால் வேகம் வேறு, இறக்கம் வேறு, ஆகவே சைட்டில் உள்ள எண்களும் வேறு. அதனால் துறைமுகத்திலேயே பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் பழகிய ஆயுதத்தை விட்டுவிட்டு, சரியாகச் சுட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாமல், அக்டோபரில் ஈப்ர் போர்முனையில் நின்றார்கள். ஒரே மாதிரி தோட்டாக்களில் எது நல்லது என்று லண்டனில் பத்து வருடம் விவாதித்தவர்களுக்கு, இந்தியாவில் இருக்கும் சிப்பாய்க்கும் முன்கூட்டியே புதியதைக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

.276-க்காக வடிவமைத்த அந்தத் துப்பாக்கி என்ன ஆனது? அதை .303-க்கு மாற்றி அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். குறி தவறாது என்று பெயரெடுத்து, ஒளிந்திருந்து சுடுபவர்களின் கைக்குப் போனது. பிறகு அமெரிக்காவே போரில் இறங்கியபோது அதே துப்பாக்கியைத் தன் .30 தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டது. பிறந்ததே ஒரு தோட்டாவுக்காக. அதைத் தவிர மற்ற இரண்டையும் சுட்டது!

7 மில்லிமீட்டருக்கு ராசியே இல்லை போலும். 1932-ல் அமெரிக்காவில் இன்னொரு .276 கிட்டத்தட்ட தேர்வாகிவிட்டது. கிடங்கில் இருக்கும் .30 தோட்டாக்களை என்ன செய்வது என்று தளபதி மெக்கார்தர் மறுத்துவிட்டார். 1951-ல் பிரிட்டன் மறுபடி ஒரு 7 மில்லிமீட்டரை அறிவித்தது. அதே வருடம் ஆட்சிக்கு வந்த சர்ச்சில், நேச நாடுகள் எல்லாம் ஒரே தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும் என்று அதைக் கைவிட்டார். வென்றது 7.62. மாணவர் கேட்ட .308-ன் உடன்பிறப்பு அதுதான்.

1962 சீனப் போரில் நம் ஜவான்கள் கையில் இருந்தது .303. அதன் பிறகுதான் வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை, அதே பழைய லீ-என்ஃபீல்டை வலுவான எஃகில் 7.62-க்காகச் செய்தது. முதலில் வந்ததில் சைட் 2,000 வரை எண் போட்டிருந்தது. அடுத்த மாதிரியில் 800 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள்.